வெயிலும் தோலும்
(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்வகலாசாலையிற் படிக்கும் ஒருவன் விடுமுறைக்கு ஊர் வந்தால் அவனைப் பிடித்து மேடையில் ஏற்றிவிடுவது நமது காரியதரிசி அவர்களின் வழக்கம். சென்ற முறை எப்படியோ தப்பிவிட்டேன், இம்முறை அகப்பட்டுக்கொண்டேன். பாதிரிமார் கல்லூரியிற் படித்துவிட்டு, இப்போது உயிர் இரசாயனத்தை ஆங்கிலத்திற் கற்பவன் நான். என் தமிழிற் பிழை இருந்தால் முன்வரிசையில் இருக்கும் பண்டிதர் ஐயா பொறுத்தருள வேண்டும். விஞ்ஞானத்திற் பிழை இருந்தால் யாரும் பொறுக்க வேண்டாம்.

நம் ஊரில் ஒரு சிறுவன் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன், சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். பகலில் அநேகமாக வெளியே வராதவன். வந்தால் கைநீண்ட சட்டையும், தலையைச் சுற்றித் துவாயும், கறுப்புக் கண்ணாடியுமாக வருவான். முகமெல்லாம் எள்ளுத் தெளித்தாற்போலப் புள்ளிகள். பதினொரு வயதுக்குள் மூக்கில் ஒரு முறையும் இமையில் ஒரு முறையும் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. ஒழுங்கைப் பிள்ளைகள் அவனை 'ஆந்தை' என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு நானும் ஒருநாள் சிரித்தவன்தான். பெரியவர்களுள்ளும் சிலர் 'எந்தப் பிறப்பிற் செய்த வினையோ' என்று அவனுடைய தாயாரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். இன்று பேசுவதற்கு அத்தாயாரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லு தம்பி, அவையளுக்கும் விளங்கட்டும்" என்றார். ஆகவே பேசுகிறேன்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். மழைக்காலத்து வானவில்லிற் சிவப்பு முதல் ஊதா வரை நிறங்கள் தெரிகின்றன. ஊதாவுக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. அங்கே ஒன்றுமில்லை என்றுதான் மனிதர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1801ஆம் ஆண்டில் ஜேர்மனி தேசத்து ரிற்றர் என்பவர், ஒளி பட்டாற் கறுக்கும் வெள்ளிக் குளோரைட்டை அந்த இருண்ட இடத்திற் பிடித்துப் பார்த்தார். அது ஊதா ஒளியிற் கறுத்ததைக் காட்டிலும் அங்கே விரைவாகக் கறுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி அங்கே இருந்தது. அதையே ஊதா கடந்த கதிர் என்கிறோம்.

இக்கதிர்களை அலைநீளத்தைக் கொண்டு ஏ, பி, சி என மூன்றாக வகுப்பர். மிகக் குறுகியதும் மிகக் கொடியதுமாகிய சீ வகையை வானத்து ஓசோன் படை முற்றாக விழுங்கிவிடுகிறது. பீ வகையிற் பெரும்பங்கையும் அதுவே தடுக்கிறது. நிலத்தை அடையும் ஊதா கடந்த கதிர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஏ வகை, மிகுதி பீ. ஆயினும் தோலை எரிப்பதில் அந்தச் சிறுபங்கே முன்னிற்பது. சூரியன் சரிவாக நிற்கும்போது கதிர் ஓசோனின் ஊடாக நெடுந்தூரம் வரவேண்டியிருப்பதால் பீ வகை குறைந்துவிடும். உச்சியில் நிற்கும்போது வழி குறுகியது. யாழ்ப்பாணத்திற் சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணியிலும் சூரியன் தலைக்கு நேரே நிற்கிறான். அந்நாட்களில் நண்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிழல் உங்கள் உயரத்திலும் குறுகியிருந்தால் கதிர் கடுமை என்று அறிந்துகொள்ளலாம். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

இனித் தோலுக்குள்ளே போவோம். நம் உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. (இந்தியப் புத்தகங்களில் 'உயிரணு', 'செல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள், நாம் பாடசாலையிற் படித்தது 'கலம்'. எனக்கு அதுவே பிடித்த சொல்.) ஒவ்வொரு கலத்தின் கருவுள்ளும் டீ.என்.ஏ. என்னும் நெடிய இழை சுருண்டு கிடக்கிறது. அதை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர் வரும். அதன் அமைப்பை வாற்சனும் கிரிக்கும் 1953இல் வெளியிட்டனர். முறுக்கிய நூலேணி போன்ற இரட்டைச் சரம் அது. ஏணியின் படிகள் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களால் ஆனவை. ஒரு சரத்தில் அடினின் இருந்தால் எதிர்ச் சரத்தில் தைமின். குவானின் இருந்தாற் சைற்றோசின். இந்தச் சோடி விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் நான் சொல்லப்போவது எல்லாம் இதன்மேல் நிற்கிறது.

ஊதா கடந்த கதிரை இந்த மூலங்கள் உறிஞ்சுகின்றன. 1920களின் இறுதியில் கேற்ஸ் என்ற அமெரிக்கர் எந்த அலைநீளம் பற்றீரியங்களை அதிகம் கொல்கிறது என்று அளந்தார். அவர் கண்ட வளைகோடு கருவமிலங்கள் ஒளியை உறிஞ்சும் வளைகோட்டோடு பொருந்தியது. உச்சம் 260 நனோமீற்றருக்கு அண்மையில். பரம்பரைப் பண்பைக் கொண்டுசெல்லும் பொருள் எது என்று உலகம் அறியாதிருந்த காலம் அது. புரதமே அப்பொருள் என்று பலர் நம்பியிருந்தபடியால் அந்தச் சான்றை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. சரியான விடை கையில் இருந்தும் கேள்வி வராத காரணத்தால் மேசையிற் கிடந்த கதை இது.

கதிர் பட்டதும் நடப்பது என்ன? ஒரே சரத்தில் இரண்டு தைமின்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் வேலியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கதியால்கள் போல. ஒவ்வொன்றும் எதிர்ச் சரத்தைப் பார்த்தபடி தன் சோடியைப் பிடித்திருக்க வேண்டியது. கதிரின் சக்தியை உறிஞ்சியவுடன் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இடையில் இரண்டு புதிய பிணைப்புக்கள் உண்டாகி நான்கு காபன் அணுக்கள் கொண்ட வளையம் ஒன்று அமைந்துவிடுகிறது. இது நடக்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்களவு. இப்படி ஒட்டிய சோடியைத் தைமின் இருபகுதியம் என்று சொல்லலாம். 1960இல் ஒல்லாந்து தேசத்தில் பியூக்கர்ஸ், பெரென்ட்ஸ் என்னும் இருவர் தைமின் கரைசலை உறையவைத்து அதன்மேற் கதிரைச் செலுத்தி இதைப் பிரித்தெடுத்தனர். பனிக்கட்டியில் மூலக்கூறுகள் அசையாமல் அருகருகே நிற்பதால் அவை எளிதாக ஒட்டிக்கொண்டன. இதுவன்றி வேறொரு விதமாக ஒட்டுவதும் உண்டு. அதனால் இழை இன்னும் கூடுதலாக வளைந்துபோகும். சைற்றோசினுக்கும் இதே கதி நேரும்.

கடும் வெயிலில் ஒரு பகல் நின்றால், வெயில் பட்ட தோற்கலம் ஒவ்வொன்றிலும் இத்தகைய பழுது ஓரிலட்சம் வரை உண்டாகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயலில் நிற்பவருக்கும் தோணியில் நிற்பவருக்கும் இது அன்றாட நிகழ்ச்சி. கலம் பிரியும்போது டீ.என்.ஏ. பிரதி எடுக்கப்பட வேண்டும். பிரதி எடுக்கும் நொதியம் ஒட்டிய இடத்துக்கு வந்ததும் தடுமாறி நின்றுவிடும். அல்லது பிழையாக எழுதிவிடும். ஒட்டிய சோடியில் உள்ள சைற்றோசின் எளிதில் உருமாறுவதால், சைற்றோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் எழுதப்படுகிறது. சில இடங்களில் அடுத்தடுத்த இரண்டு சைற்றோசின்களும் ஒருங்கே தைமின்களாகின்றன. வேறு நஞ்சுகள் இப்படி இரட்டைப் பிழை செய்வது அரிது. ஆகவே இது வெயிலின் கைநாட்டு. 1991இல் தோற்புற்றுக் கட்டிகளை ஆராய்ந்தபோது, கலப்பிரிவை அடக்கிவைக்கும் பீ53 என்னும் பரம்பரை அலகில் இக்கைநாட்டையே கண்டனர்.

அப்படியானால் நாமெல்லோரும் புற்றுநோயால் மடியாமல் இருப்பது எப்படி என்று நீங்கள் கேட்க வேண்டும்.

விடை தற்செயலாகவே கிடைத்தது. 1949இல் அமெரிக்காவில் அல்பேட் கெல்னர் என்பவர், ஸ்ரெப்ரோமைசின் மருந்தைத் தரும் நுண்ணுயிரின் வித்திகளைக் கதிரால் தாக்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் பிழைத்தவை கொஞ்சம், இன்னொரு நாள் ஏராளம். கணக்கு ஒத்துவரவில்லை. வெப்பநிலைதான் காரணம் என்று எண்ணி அதை எவ்வளவு கவனமாகக் காத்தும் பயனில்லை. கடைசியிற் பார்த்தால், யன்னல் வெளிச்சம் பட்ட வித்திகளே உயிர் பெற்றிருந்தன! அதே ஆண்டில் இந்தியானா சர்வகலாசாலையில் டுல்பெக்கோ என்பவரும் அடுக்கி வைத்த கண்ணாடித் தட்டுகளில், விளக்கொளி நன்கு பட்ட தட்டுகளில் வைரசுக்கள் அதிகம் பிழைத்திருக்கக் கண்டார். ஊதா கடந்த ஒளி செய்த கேட்டை நீல ஒளி திருத்துகிறது. ஒட்டிய சோடியைப் பற்றிக்கொண்டு, நீல ஒளியின் சக்தியாற் பிணைப்பை உடைத்துவிடும் நொதியம் ஒன்று அவ்வுயிர்களில் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. 1950களின் பிற்பகுதியில் ரூப்பேட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் சோதனைக் குழாயில் வேலைசெய்ய வைத்தனர்.

பற்றீரியத்துக்கு உண்டு; செடிகளுக்கு உண்டு; மீனுக்கும் தவளைக்கும் உண்டு. கங்காருவுக்குக்கூட உண்டு. நமக்கு மட்டும் இல்லை. நஞ்சுக்கொடியோடு பிறக்கும் விலங்குகளின் மரபு அதை எப்போதோ தொலைத்துவிட்டது. அதன் உறவுப் புரதங்கள் நம் உடலில் இருக்கின்றன. ஆனால் அவை பழுது பார்ப்பதில்லை; இரவு பகல் என்னும் உடற் கடிகாரத்தை ஓட்டுகின்றன. கொத்தனார் வேலையை விட்டுவிட்டுக் காவற்காரனாகப் போனவர் போல.

நமக்கு உள்ளது வேறு முறை, இருளிலும் நடப்பது. 1964இல் ஓக் றிட்ஜில் செற்லோவும் கரியரும், யேல் சர்வகலாசாலையில் பொய்சும் ஹவாட்-பிளாண்டேர்சும், கதிர் பட்ட பற்றீரியத்தின் டீ.என்.ஏ.யிலிருந்து இருபகுதியங்கள் வெட்டி நீக்கப்படுவதை வெவ்வேறாகக் கண்டனர். அதே ஆண்டில் பெற்றிஜோனும் ஹனவால்ற்றும் வெட்டிய இடம் புதிதாக நிரப்பப்படுவதைக் காட்டினர். மனிதக் கலத்தில் இது நடக்கும் விதத்தை என்னால் இயன்றவரை சொல்கிறேன்.

எழுத்து எழுத்தாக வாசித்துப் பிழை தேடுவதானாற் காலம் போதாது. ஒரு கலத்தில் அறுநூறு கோடி சோடிகள் இருக்கின்றன. ஆகவே காவற் புரதம் ஒன்று இழையின் வழியே போய், எங்கே முறுக்கு நெகிழ்ந்து வளைந்திருக்கிறது என்று மாத்திரம் பார்க்கிறது. வளைவு கண்ட இடத்தில் வேறு புரதங்கள் கூடி, அங்கே இரட்டைச் சரத்தைச் சிறிது பிரித்து, உண்மையிற் பழுதுதானா என்று உறுதி செய்கின்றன. பின்னர் இரண்டு கத்திகள் பழுதின் இருபுறமும், பழுதான சரத்தில் மாத்திரம், வெட்டுகின்றன. ஒட்டிய இரண்டு எழுத்துக்காக முப்பது எழுத்தளவான துண்டு எறியப்படுகிறது. வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் எதிர்ச் சரம் பழுதின்றி இருக்கிறதே! சோடி விதிப்படி அதைப் பார்த்து அந்த முப்பது எழுத்தும் மறுபடி எழுதப்பட்டு, கடைசி இடைவெளி ஒட்டப்படுகிறது. செல்லரித்த ஏட்டின் பாடத்தை வேறொரு பிரதியோடு ஒப்புநோக்கிச் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள் நிரப்பியதை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வேறுபாடு: அவருக்கு ஏடு தேடி ஊரூராகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, கலத்துக்கு மற்றைப் பிரதி எதிரிலேயே கிடக்கிறது.

இந்த வெட்டியொட்டும் வேலையை விரிவாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் அசீஸ் சன்சார். துருக்கியின் சவூர் என்னும் சிற்றூரிற் பிறந்து, வைத்தியராக இருந்து, பின்னர் அமெரிக்காவில் அதே ரூப்பேட்டிடம் மாணவராய்ச் சேர்ந்தவர். வேறு பழுதுபார்க்கும் முறைகளைக் கண்ட லின்டால், மொட்றிச் என்போரோடு 2015இல் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வேலை உடனே முடிவதில்லை. அதிகம் வளைந்த பழுதுகள் சில மணி நேரத்தில் நீங்கும். தைமின் இருபகுதியங்களிற் பாதியை நீக்கவே ஒரு நாளோ அதற்கு மேலோ செல்லும். அதற்குள் அடுத்த நாள் வெயில் வந்துவிடுகிறது. திருத்த இயலாத அளவு பழுதுபட்ட கலம் தானே மடிந்துபோகும். வெயிற் சூட்டில் தோல் உரிவது இப்படி மடிந்த கலங்களாலுந்தான். மெலனின் என்னும் கருநிறமும் காவல் நிற்கிறது. தோற்கலத்தின் கருவுக்கு மேலே குடைபோலக் கவிந்து, வரும் கதிரை உறிஞ்சுகிறது. நம்மவரிடையே வெள்ளையரிலும் தோற்புற்று மிகக் குறைவாயிருப்பதற்கு இதுவே காரணம். இதைச் சொல்லும்போது, 'சிவந்த நிற மணமகள் தேவை' என்று விளம்பரம் போடுகிறவர்களையும், நிறத்தை வெளுக்க வைக்கும் களிம்புகளுக்குக் காசைக் கொட்டுகிறவர்களையும் நினையாமல் இருக்க முடியவில்லை. குடையைக் கிழிக்கக் காசு கொடுக்கிறோம். ஆனாற் குடை முழுக் காவலும் அல்ல. கருந்தோலிலும் பழுது உண்டாகிறது. திருத்தும் வேலை அங்கேயும் வேண்டும்.

இப்போது அந்தச் சிறுவனிடம் திரும்புகிறேன். அவனுடைய நோய்க்குச் சீரோடேர்மா பிக்மென்ரோசம் என்று பெயர். 'உலர்ந்து நிறம்பட்ட தோல்' என்பது பொருள். 1870களில் வியன்னா நகரத்து வைத்தியர் கப்போசி அதை விவரித்தார். ஆனாற் காரணம் ஏறக்குறைய நூறாண்டாகத் தெரியவில்லை. 1960களிற் கலிபோணியாவில் டீ.என்.ஏ. திருத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் கிளீவர் என்ற இளைஞர், ஒரு பத்திரிகைச் செய்தியில் இந்நோயாளரைப் பற்றி வாசித்தார். வெயில் தாங்காத இவர்களின் கலங்களிற் திருத்தும் வேலை நடக்கவில்லையோ என்று ஐயுற்று, அவர்களது தோற்கலங்களை வாங்கிச் சோதித்தார். ஐயம் சரியாயிற்று. 1968இல் அதை வெளியிட்டார். செய்தித்தாள் வாசிப்பதை வீண்பொழுது என்று கண்டிக்கும் ஆசிரியர்மாருக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இந்நோய்க்கு எட்டுப் பரம்பரை அலகுகளில் ஏதேனும் ஒன்று பழுதாயிருப்பது காரணம். நான் சொன்ன காவற் புரதமும் கத்திகளும் அவற்றிற் சிலவற்றிலிருந்தே உண்டாகின்றன. எட்டாவது வேறு வகை. அது பழுதைக் கடந்து பிழையின்றிப் பிரதி எடுக்கும் நொதியம். இருபது வயதுக்குட்பட்ட இந்நோயாளருக்குச் சாதாரண தோற்புற்று வரும் வாய்ப்பு மற்றவரிலும் பதினாயிரம் மடங்கு. முதற் கட்டி சராசரி ஒன்பது வயதளவில் வருகிறது. நான்கிலொருவருக்கு நரம்பும் பாதிக்கப்படும். நம் சிறுவனுக்கு அப்படி ஒன்றுமில்லை. ஒன்று திட்டமாகச் சொல்வேன்: இது தொற்றுநோய் அன்று. அவனோடு ஒரே பாயிற் படுத்தாலும் ஒட்டாது.

அடுத்து நான் சொல்வது சிலருக்கு மனவருத்தத்தைத் தரலாம். பழுதான அலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, இரண்டும் சேர்ந்தாற்றான் நோய் வரும். ஒன்று மாத்திரம் உள்ளவர் முழுச் சுகமாக இருப்பார். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இருவரும் அப்படிப்பட்டவர்களானால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே அலகால், பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பழுதை ஒளித்து வைத்திருப்பவர் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒருவர். ஆனால் உங்களிடம் அது இருந்தால், உங்கள் சொந்த மச்சாளிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்நூற்றில் ஒன்றுக்கும் எட்டில் ஒன்றுக்கும் உள்ள தூரத்தை நீங்களே பாருங்கள்.

மச்சான் மச்சாள் கலியாணம் செய்தவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. என் பெற்றோரே அப்படித்தான் மணந்தவர்கள். பிள்ளைகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். அநேகருக்கு ஒரு குறையும் வராது. ஆயினும் காணி பிரியக்கூடாது, சீதனம் வெளியே போகக்கூடாது என்று சாதகக் குறிப்புப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற நாம், குடும்பத்தில் இப்படியொரு நோய் வந்ததுண்டா என்றும் ஒரு வார்த்தை விசாரிக்கலாமே. மறைப்பதற்கு இது பழியன்று. அந்தத் தாயாரும் தகப்பனாரும் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஊர் முழுவதும் செய்கிற கலியாணத்தைத்தான் செய்தார்கள்.

இந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. கதிரைத் தடுப்பதே வைத்தியம். தடித்த துணி, தொப்பி, கண்ணாடி, களிம்பு, அடிக்கடி தோற் பரிசோதனை. வீட்டு யன்னற் கண்ணாடி பீ வகையைப் பெரும்பாலும் தடுக்கும். ஏ வகையை உள்ளே விடும். அதற்கென மெல்லிய தாள் ஒட்டவேண்டும், அவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். எலும்புக்கு வேண்டிய விற்றமின் டீயைத் தோல் வெயிலிலிருந்து ஆக்குவதால், அவனுக்கு அது குளிசையாகவே கொடுக்கப்படுகிறது. சூரிய நமஸ்காரம் செய்கிற பெரியவர்கள் இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். உதயத்திற் கதிர் மென்மையானது; உங்கள் நிழல் நீண்டிருக்கும்.

சூரியன் மறைந்தபின் அவன் நம்மைப்போல ஒருவன். கோயிலில் இரவுத் திருவிழாவுக்கு வருகிறான். அப்போது அவனைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் இனி ஒதுங்க வேண்டியதில்லை. நமது வாசிகசாலை மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது. அவன் வெளியே வரத்தொடங்கும் நேரமும் அதுதான். அங்கே இப்போது போட்டிருக்கும் எல்.ஈ.டி. விளக்குகளால் அவனுக்கு ஒரு தீங்குமில்லை. கிழமையில் மூன்று நாளாவது ஒன்பது மணி வரை திறந்து வைக்கவேண்டும் என்ற வேண்டுகோளை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். நான் ஊரில் நிற்கும் வரை திறப்பை என்னிடம் தரலாம். நான் போனபின் யார் பொறுப்பெடுப்பது என்பதை இளைஞர்கள் இன்றைக்கே கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். சதுரங்கப் பலகை ஒன்றும் வாங்கினால் நல்லது. பையன் நன்றாக ஆடுவான். என்னை இரண்டு முறை வென்றிருக்கிறான்.